பின்னறையில் ஏறிய ஓதம்

அன்புள்ள மகனுக்கு,

இப்படியெல்லாம் நடக்கும் என்று முன்கூட்டியே சொன்னவன் நான். ஐப்பசியில் முதல் தூறல் விழுந்த அன்றைக்கே டீக்கடையில் நின்றுகொண்டு, இந்த வருஷம் வானம் நம்மைச் சும்மா விடாது, ஏரி தளும்பும், கிருமாம்பாக்கத்து ரோட்டில் பஸ் நீந்திக்கொண்டு போகும் என்று சொன்னேன். நீந்தத்தான் செய்தது. நீ வெள்ளிக்கிழமை போன் பண்ணுவாய் என்றும் சொன்னேன். சனிக்கிழமை பண்ணினாய், அது ஒரு பெரிய வித்தியாசமில்லை. இந்தப் பொங்கலுக்கு நீயும் ரேவதியும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பெங்களூரிலிருந்து வரப்போகிறீர்கள் என்பதையும் ஊரில் முதலில் சொன்னவன் நான்தான். வேண்டுமானால் உன் அம்மாவைக் கேள். அவள் இல்லை என்பாள். அவளுக்கு ஞாபகமறதி.

போனில்தான் பேசியாயிற்றே, பிறகு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போன் என்றால் என் வாய் எனக்கு முன்னால் ஓடிவிடுகிறது. பேனா பிடித்தால் அப்படி ஓட முடிவதில்லை. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன் என்றாலும் என் கையெழுத்தைப் பார்த்துவிட்டு கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசில் ஒருவர், "வாத்தியாரா இருந்து ரிட்டயர்டு ஆனீங்களா?" என்று எழுந்து நின்று கேட்டார். சரி, உட்கார்ந்துகொண்டேதான் கேட்டார். எழுதி முடித்ததும் உன் அம்மா இதைப் பக்கம் பக்கமாகப் போனில் படம் பிடித்து உனக்கு அனுப்புவாள். அதாவது ஒரு வரி விடாமல் அவளும் படிப்பாள். அது தெரிந்தேதான் எழுதுகிறேன். விஷயம் நம் வீட்டுப் பின்னறையைப் பற்றியது. உன் மகள் இனியா இந்தப் பொங்கலுக்கு இங்கே வந்து படுத்து மூச்சு விடலாமா, கூடாதா என்பதைப் பற்றியது. மற்றதெல்லாம் அதைச் சுற்றி வருகிற கதை.

போன வருஷம் போகி அன்று என்ன நடந்தது என்று உனக்குத் தெரியும். ஆனால் நீ பார்த்தது கடைசி அரை நாள் மட்டும். அதற்கு முன்னால் நடந்ததை நான் சொல்ல வேண்டும். ஊரில் எல்லோரும் மார்கழி பாதியிலேயே பரணை இறக்கி, ஒட்டடை அடித்து, பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்து, வெள்ளையும் அடித்து முடித்துவிட்டார்கள். உன் அம்மா தினமும் காபி கொடுக்கும்போது கூடவே அதையும் கொடுத்தாள். "ஊரே பளபளன்னு கீது. நம்ம வூடு மட்டும் எலி பொந்தாட்டம் கெடக்குது. வாய வச்சிக்கினு ஊர சுத்தம் பண்றியே, கைய வச்சி வூட்ட சுத்தம் பண்ணக் கூடாதா?" என்றாள். நான்தான் தள்ளிக்கொண்டே போனேன். ஏன் தெரியுமா? நீங்கள் வந்து பார்க்க வேண்டும் என்பதற்காக. இந்த வயதிலும் உன் அப்பன் ஏணி ஏறிப் பரணைக் காலி பண்ணுகிறான், ஒற்றை ஆளாக நெல் மூட்டையைப் புரட்டுகிறான் என்பதை ரேவதி தன் கண்ணால் பார்க்க வேண்டும், பார்த்ததைப் போய் அவள் பிறந்த வீட்டில் சொல்ல வேண்டும். யாரும் பார்க்காத வேலையைச் செய்து எனக்குப் பழக்கமில்லை. அதனால் வீட்டுத் தூசி முழுவதையும் உங்களுக்காகப் பத்திரமாக வைத்திருந்தேன்.

ஒரே ஒரு வேலையை மட்டும் முன்னாலேயே செய்தேன். அதுவும் செய்திருக்கக் கூடாத வேலை. பின்னறைச் சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஓதம் ஏறியிருந்தது. சுண்ணாம்பு பொரிந்து, கை வைத்தால் மாவாக உதிர்ந்தது. மூலையில் கறுப்பும் பச்சையுமாகப் பூசணம். மழை விட்டும் அந்த அறைக்குள் போனால் ஈரக் கோணிப்பைக்குள் தலையை விட்ட மாதிரி ஒரு வாடை. மருமகள் வருகிறாளே என்று தவளக்குப்பத்துப் பெயிண்ட் கடைக்குப் போனேன். கடைக்கார பாய்க்கும் நான் மாமாதான். இந்தப் பக்கத்தில் எனக்கு மாமா என்பதைத் தவிர வேறு பெயர் கிடையாது.

"இன்னா மாமா, ஓதமா? காரைய கொத்தி எடுத்துட்டு, நல்லா காய வுட்டு, இந்த டப்பாவ அடி. புதுசா வந்துகீது" என்றார்.

அவர் சொன்ன விலையைக் கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "யோவ் பாய், செவுத்துக்குப் பெயிண்ட் கேட்டா, செவுத்துக்குக் கல்யாணமே பண்ணி வைக்கச் சொல்லுவ போலகீதே!"

"வேற பெயிண்டுகூட வாங்கிக்க. ஆனா காய வுட்டு அடி."

"அது காயறதுக்குள்ள பொங்கல் வந்துட்டு பூடும். அந்தப் பச்ச ஆயில் பெயிண்ட எடு. தொடச்சா மூஞ்சி தெரியணும்."

"உன் வூடு, உன் செவுரு" என்று டப்பாவை எடுத்து வைத்தார். அவர் வியாபாரத்துக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். பாதி வியாபாரம்தான். மீதிப் பாதியை நான் கேட்டுக்கொள்ளவில்லை.

ஈரச் சுவரின் மேலேயே ஆயில் பெயிண்ட் அடித்தேன். அன்று சாயங்காலம் பார்க்க வேண்டுமே, புதுச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரிச் சுவர்கூட அப்படி மின்னியிருக்காது. நான் போய் வரிசையாக நாலு பேரைக் கூட்டிவந்து காட்டினேன். அந்த வாரம் முடிவதற்குள் சுவரில் கொப்புளம் கிளம்பியது. உள்ளே இருந்த தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் பெயிண்டைத் தள்ளிக்கொண்டு, அம்மை போட்ட முதுகு மாதிரி ஆகிவிட்டது. ஒரு கொப்புளத்தைக் குத்திப் பார்த்தேன், அழுக்குத் தண்ணீர் வடிந்தது. கூட்டிவந்து காட்டிய நாலு பேருக்கும் பதில் சொல்ல வேண்டுமே என்ற கவலைதான் எனக்கு முதலில் வந்தது. அதனால் சுவர் தெரியாமல் நெல் மூட்டைகளை அடுக்கி மறைத்தேன். மழைக்கு நடுவே அறுத்த நெல், சரியாகக் காயாதது. ஈரச் சுவரோடு ஈர மூட்டையை ஒட்டவைத்துவிட்டு, வேலை முடிந்தது என்று கையைத் தட்டிக்கொண்டேன்.

போகி அன்று விடியற்காலையில் நீங்கள் பஸ்ஸை விட்டு இறங்கி வந்தபோது குழந்தை உன் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. கட்டில் இருக்கிற அறை அந்தப் பின்னறைதான் என்று அங்கேயே படுக்கவைத்தாய். நான் வாசலில் பழைய பாயையும் தலையணையையும் போட்டு, நன்றாக எரியட்டும் என்று கிழிந்த சைக்கிள் டயரையும் மேலே வைத்துக் கொளுத்தினேன். பனி மூடியிருந்தது. புகை மேலே போகாமல் வீட்டுக்குள் திரும்பியது. நான் அதையும் கவனிக்காமல் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு பின்னறைக்குள் நுழைந்தேன். அதுதான் நான் காத்திருந்த நேரம். ரேவதி காபி டம்ளரோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, ஒரு நிமிஷம் இருங்க. பாப்பாவ வெளிய தூக்கிக்கறேன். அவளுக்குத் தூசி ஆகாது" என்றாள்.

"தூசி பட்டாதாம்மா ஒடம்பு கெட்டிப்படும். எங்கப்பன் களத்துமேட்டுலயே பொறந்தவரு, தும்முனதே கெடையாது" என்று சொல்லிக்கொண்டே முதல் மூட்டையைப் புரட்டினேன். என் அப்பா தும்மாத நாளே கிடையாது என்பது உனக்குத் தெரியும்.

மூட்டையின் பின்பக்கம் முழுவதும் பூசணம் பிடித்துப் பஞ்சு மாதிரி இருந்தது. அதை வெளியே கொண்டுபோய்த் தட்டியிருக்கலாம். ஈரத்துணியால் துடைத்திருக்கலாம். நான் தென்னந்துடைப்பத்தை எடுத்து அங்கேயே விளாசினேன். நெல்லுச் சுணையும், பூசணமும், பரணில் வருஷக்கணக்காகப் படிந்திருந்த தூசியும் சேர்ந்து, ஜன்னல் வெளிச்சத்தில் மாவு மில் மாதிரி பறந்தது. குழந்தை இருமிக்கொண்டே எழுந்தது.

"உன் பவுச அப்பறம் காட்டு, கொழந்த இருமுது பாரு" என்று உன் அம்மா கத்தினாள்.

"இன்னாடி, இருமலுக்கெல்லாம் போகிய தள்ளிப்போட முடியுமா?" என்று நான் திருப்பிக் கத்தினேன். அந்த வாக்கியத்தை இந்த ஒரு வருஷமாக நான் எத்தனை முறை கேட்டேன் என்று சொல்ல முடியாது. ஆள் யாரும் பேசாதபோதுதான் அது நன்றாகக் கேட்கிறது.

பிறகு நடந்ததை நீ பார்த்தாய். அந்தச் சின்ன நெஞ்சுக்கூட்டில் எலும்புக்கு எலும்பு நடுவே தோல் உள்ளே போய் உள்ளே போய் வந்தது. மூச்சு விடும்போது பூனை கத்துகிற மாதிரி சத்தம். அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், தாத்தா ஏதோ வேடிக்கை காட்டப்போகிறார் என்பது மாதிரி. பக்கத்து வீட்டு வண்டியில் ரோட்டோரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மூக்கும் வாயும் மூடுகிற மாதிரி மூடி மாட்டி ஆவி பிடிக்கவைத்தார்கள். டாக்டர் பெண், வீட்டில் என்ன செய்தீர்கள் என்று கேட்டாள். "ஒன்னும் பண்ணலம்மா, எப்பவும் பண்ற போகிதான்" என்றேன். ரேவதி என்னைத் திரும்பிப் பார்த்தாள். திட்டியிருந்தால் நானும் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். குழந்தைக்கு மூச்சு சீரானதும் நீ வீட்டுக்கு வந்து பையை மட்டும் எடுத்துக்கொண்டு போய், அவர்களோடு ஆஸ்பத்திரியிலிருந்தே பஸ் ஏறிவிட்டாய். மறுநாள் பொங்கல். உன் அம்மா அடுப்பு மூட்டினாள், பானையும் பொங்கியது, நாங்கள் இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பொங்கலோ பொங்கல் என்று சொல்ல இரண்டு பேருக்குமே வாய் வரவில்லை.

அதற்குப் பிறகு நீங்கள் வரவில்லை. சித்திரைக்கு வரவில்லை, தீபாவளிக்கும் வரவில்லை. ஊரில் கேட்கிறவர்களுக்கு நான் வகைவகையாகப் பதில் வைத்திருந்தேன். நீ இல்லாவிட்டால் கம்பெனி ஒரு நாள் ஓடாது என்றேன். பிறகு உன்னை சிங்கப்பூருக்கு அனுப்பியிருக்கிறார்கள் என்றேன். ஒருவர், "நேத்துதான் உன் புள்ள எனக்கு பெங்களூர்ல இருந்து போன் பண்ணுச்சு" என்றார். சிங்கப்பூரிலிருந்து பண்ணினாலும் பெங்களூர் நம்பர்தான் விழும் என்று அவருக்கு விளக்கினேன். அவரும் தலையாட்டினார். ஊரில் என் பேச்சை நம்பாதவர்கள்கூட அதை நிறுத்தச் சொல்வதில்லை. கேட்க நன்றாக இருக்கிறது என்று விட்டுவிடுகிறார்கள். அதுதான் எனக்கு வந்த கேடு.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது இனியாவின் மூச்சுச் சத்தம் எனக்குப் புதிதாக இல்லை. அதை நான் முன்பே கேட்டிருக்கிறேன். நீ பள்ளிக்கூடம் போகிற வயதில், மழை முடிந்து பனி இறங்கும்போது, அதே பின்னறையில் படுத்துக்கொண்டு இதே மாதிரி மூச்சு இளைத்தாய். உன் அம்மா தேங்காயெண்ணெயில் கற்பூரம் போட்டுக் காய்ச்சி உன் நெஞ்சில் தேய்த்துக்கொண்டு, டாக்டரிடம் காட்டலாம் என்பாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பரீட்ச வந்தா இவனுக்கு மூச்சு வாங்கும். நடிப்புடி. எம்புள்ளைக்கு இளைப்பா? ஏரிக்கரைய சுத்தி ஓட வுட்டா சரியாப்பூடும்" என்றேன். ஓடவும் விட்டேன். நீ கரையில் பாதி தூரம் ஓடிவிட்டு, முழங்காலில் கை வைத்துக் குனிந்து நின்றாய். நான் சைக்கிளில் உட்கார்ந்தபடி கைதட்டினேன். பந்தயத்தில் நீதான் முதல் என்று வீட்டுக்கு வந்து சொன்னேன். பந்தயமும் கிடையாது, வேறு யாரும் ஓடவும் இல்லை. நீ ஹாஸ்டலுக்குப் போனதும் இளைப்பு தானாக நின்றுவிட்டது. என் வைத்தியத்தில் நின்றது என்று பெருமைப்பட்டேன். அந்த அறையை விட்டுப் போனதால் நின்றது என்பது, என் பேத்தி அங்கே படுத்தபோதுதான் எனக்கு உறைத்தது. நீ அதை என்றைக்காவது என்னிடம் சொல்லிக் காட்டியிருக்கிறாயா? இல்லை. போன வருஷம்கூடச் சொல்லவில்லை. பெற்றவனுக்குப் பிள்ளை இவ்வளவு மரியாதை வைக்கக் கூடாது. கொஞ்சம் திட்ட வேண்டும்.

அதனால் உனக்குச் சொல்கிறேன். இனியா மூச்சு முட்டுகிறது என்றால், நாளைக்குப் பரீட்சையா, விளையாட்டா என்று யோசிக்காதே. நம்பிவிடு. நடிப்பாக இருந்தால் ஒரு நாள் பள்ளிக்கூடம் வீணாகும், அவ்வளவுதான். பெங்களூர் குளிரில் ஈரத்துணியை அறைக்குள் காயப்போடாதே என்று ரேவதி சொன்னால், இடமில்லை என்று முணுமுணுக்காமல் மாடிக்குக் கொண்டுபோ. பழைய தலையணையைத் தூக்கிப்போட அவள் சொன்னால் தூக்கிப்போடு, எரிக்காதே. ஒட்டடை அடிக்கும் நாளில் குழந்தையை வெளியே கூட்டிக்கொண்டு போய்விடு, யாரும் உன்னைப் பார்த்துக் கைதட்டாவிட்டாலும் பரவாயில்லை. இதெல்லாம் ரேவதிக்கு முன்பே தெரியும். நீ என் பிள்ளை என்பதால் உனக்குச் சொல்கிறேன்.

அந்தச் சுவர் ஏன் அப்படி என்றும் உனக்குத் தெரியாது. இந்த வீட்டைக் கட்டிய கதையை நான் சொல்லி நீ நிறையக் கேட்டிருக்கிறாய். மேஸ்திரியையே விரட்டிவிட்டு நானே நூல் பிடித்துக் கட்டினேன் என்று சொல்வேன். அதில் பாதி உண்மை. மேஸ்திரி தானாகவே போய்விட்டார். பின்பக்கம் பழைய மண்சுவர் ஒன்று இருந்தது. அதை அடியோடு எடுத்துவிட்டு, அஸ்திவாரம் போட்டு, தரையைத் தெருவுக்கு மேலே உயர்த்திக் கட்ட வேண்டும் என்றார். உன் அத்தை கல்யாணத்துக்குள் வீடு முடிய வேண்டும், சம்பந்தி வீட்டார் வந்து வாயைப் பிளக்க வேண்டும் என்று எனக்கு அவசரம். அந்த மண்சுவரின் அடிப்பாகத்தின் மேலேயே செங்கல்லை ஏற்றிவிட்டேன். முன்னறைக்கும் பின்னறைக்கும் நடுவில் கதவு வைக்காமல் பங்களா மாதிரி வளைவு வைத்தேன். சம்பந்தி வீட்டார் வாயைப் பிளந்தார்கள், அது நிஜம். அன்றைக்குத் தொடங்கி ஒவ்வொரு மழைக்கும் அந்த மண், விளக்குத் திரி எண்ணெய் குடிக்கிற மாதிரி, தண்ணீரைக் குடித்து மேலே ஏற்றுகிறது. ரோட்டைப் புதிதாகப் போடும்போதெல்லாம் ரோடு உயர்ந்தது, வீடு தாழ்ந்தது. கதவு இல்லாததால் பின்னறைக் காற்றுதான் முன்னறைக்கும். அதனால்தான், இந்த வருஷம் குழந்தையை முன்னறையில் படுக்கவைத்துக்கொள்ளலாமே என்று உன் அம்மா சொன்னபோது அந்த வளைவைக் கையால் காட்டினேன்.

இந்த வருஷம் நான் ஒருவரையும் காட்சிக்குக் கூப்பிடவில்லை. கார்த்திகையில் மழை கொஞ்சம் இடைவெளி விட்டதும் உளியும் சுத்தியுமாக உட்கார்ந்தேன். அந்தப் பச்சைப் பெயிண்டை முழுவதும் சுரண்டி எடுத்தேன். உள்ளே இருந்த காரையை நெஞ்சு உயரத்துக்குக் கொத்தினேன். தனியாளாக ஒரே மூச்சில் முடித்தேன் என்று எழுதத்தான் கை வருகிறது. ஆனால் உன் அம்மா படிப்பாள். பாதியை அவள்தான் கொத்தினாள். எனக்கு இப்போது கொஞ்ச நேரம் சுத்தியைப் பிடித்தாலே மேல்மூச்சு வாங்குகிறது.

"இரு, நான் அடிக்கறேன். நீ குந்திக்கினு கத சொல்லு, அதுதான் உனக்கு வரும்" என்றாள்.

"ஏரிக்கரைய ஒரு சுத்து ஓடனா எனக்கு சரியாப்பூடும்" என்றேன்.

அவள் சுத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு இரண்டு பேரும் சிரித்தோம். சிரிப்பதற்கு அதில் ஒன்றுமில்லைதான்.

நெல்லை இந்த முறை வீட்டுக்குள் ஏற்றவே இல்லை, களத்திலிருந்தே வியாபாரிக்குப் போட்டுவிட்டேன். சுவருக்கு வெளியே தண்ணீர் நிற்காமல் ஓட வாய்க்கால் வெட்டினேன். மூக்கில் ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டு, பிளீச்சிங் பவுடரைக் கரைத்து, பூசணம் இருந்த இடமெல்லாம் தேய்த்துக் கழுவினோம். பரணை இறக்கி, ஒவ்வொரு சாமானையும் வெளியே கொண்டுபோய் ஈரத்துணியால் துடைத்தோம். பஞ்சு மெத்தை, தலையணை எல்லாம் போயிற்று. குழந்தைக்குப் புதிதாகக் கோரைப்பாய் வாங்கிவைத்திருக்கிறேன். போகிக்கு இந்த வீட்டு வாசலில் ஒரு தீக்குச்சிகூடக் கிழிக்கப்போவதில்லை என்று தெருவில் சொல்லிவிட்டேன். "மாமாவுக்கு இன்னா ஆச்சு, கட்சி மாறிட்டாரா?" என்று கேட்கிறார்கள். கேட்கட்டும்.

சனிக்கிழமை நீ போன் பண்ணி, கொஞ்ச நேரம் பயிர், மாடு என்று பேசிவிட்டு, ரேவதியிடம் கொடுத்தாய். ஒரு வருஷம் கழித்து அவள் என்னிடம் பேசினாள்.

"நிறைய வேலை பண்ணிட்டீங்கன்னு அத்தை சொன்னாங்க மாமா. பாப்பாவும் தாத்தா வீடு தாத்தா வீடுன்னு கேட்டுட்டே இருக்கா. எனக்கு ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. செவுரு காஞ்சிடுச்சா?"

"காஞ்சிச்சாவா? அப்பளம் வச்சே பாத்துட்டேம்மா" என்றேன். பொரித்த அப்பளத்தைத் தட்டில் போட்டு, முந்தின நாள் சாயங்காலம் பின்னறைச் சுவரோரம் வைத்ததாகவும், காலையில் எடுத்து உடைத்தால் தெருமுனை வரைக்கும் கேட்கிற மாதிரி நொறுங்கியதாகவும், சத்தத்தில் பூனை மிரண்டு ஓடியதாகவும் சொன்னேன். ரேவதி சிரித்தாள். வாய்விட்டு, உனக்குக் கல்யாணமான புதிதில் என் கதைகளைக் கேட்டுச் சிரிப்பாளே, அந்தச் சிரிப்பு. "அப்ப டிக்கெட் போட்டுடறோம் மாமா" என்றாள். போனை வைத்ததும் நான் நேராக டீக்கடைக்குப் போய் எல்லோருக்கும் டீ சொன்னேன். நான் ரேவதியிடம் சொன்னதைப் பக்கத்தில் நின்று உன் அம்மாவும் கேட்டாள். அன்றிலிருந்து, ஆஸ்பத்திரியில் ரேவதி பார்த்தாளே, அதே மாதிரி என்னைப் பார்க்கிறாள்.

மகனே, அப்பளம் நொறுங்கவில்லை. அப்பளம் வைத்தது உண்மை, தட்டில் வைத்தது உண்மை, சுவரோரம் வைத்ததும் உண்மை. காலையில் எடுத்தபோது நமத்துப்போய், ஈரத் துணி மாதிரி என் விரலில் தொங்கியது. பூனை எங்கும் ஓடவில்லை. பூனையே இல்லை. கொத்திய இடத்தில் கை வைத்தால் உள்ளங்கை இன்றைக்கும் ஜில்லென்று நனைகிறது. மார்கழியில் பெய்த மழையில் எல்லாம் திரும்ப ஏறிவிட்டது. கொத்திய மண் தூசியும் வீடு முழுக்க இருக்கிறது, எவ்வளவு துடைத்தாலும் மறுநாள் படிகிறது. பங்குனி வெயில் பட்டால்தான் அது காயும். காய்ந்த பிறகு அடியிலிருக்கும் மண்ணை எடுத்துவிட்டுச் செங்கல் வைக்க வேண்டும். இந்த முறை மேஸ்திரியைக் கூப்பிடுவேன், அவர் சொல்வதையும் கேட்பேன்.

பொங்கலுக்கு வராதே. டிக்கெட்டை ரத்து செய்துவிடு. குழந்தை அழுவாள், என்னைக் காரணம் சொல். உனக்கு வர முடியவில்லை, லீவு இல்லை என்று அவளிடம் கதை கட்டாதே. அந்தத் தொழில் என்னோடு போகட்டும். டீக்கடையில் கேட்டால், என் வீட்டுச் சுவர் ஈரம், அதனால் என் பிள்ளை வரவில்லை என்று சொல்லிக்கொள்கிறேன். வெயில் வந்த பிறகு, வீடு காய்ந்துவிட்டதா என்று என்னைக் கேட்காதே. உன் அம்மாவைக் கேள். அவள் சரி என்றால் வா.

ரேவதியிடம் மட்டும் இன்றைக்கே சொல்லிவிடு. சுவர் காயவில்லை என்று. அதை மாமாவேதான் சொன்னார் என்று சொல்.

உன் அப்பா